செப்பனிட்ட சாலை என்ன கொடுத்தது? வியட்நாமின் 200 கம்யூன்களில் எடுத்த கணக்கு

1997இல் வியட்நாமில் ஒரு சாலைத் திட்டம் தொடங்கியது. உலக வங்கியின் கடனுதவியோடு, 18 மாகாணங்களில், ஏற்கெனவே போட்டுப் பாழாகிக் கிடந்த மாவட்டச் சாலைகளையும் கம்யூன் சாலைகளையும் செப்பனிடும் வேலை. கம்யூன் என்பது கிட்டத்தட்ட நம் ஊராட்சி மாதிரி. சில கிராமங்கள் சேர்ந்த கீழ்மட்ட நிர்வாக அலகு. கம்யூனின் மையத்திலிருந்து சந்தைக்கு ஆண்டு முழுக்க வண்டி போய்வர வேண்டும், அதுதான் நோக்கம். 2001இல் திட்டம் முடிந்தபோது சுமார் 5,000 கிலோமீட்டர் சாலை சரிசெய்யப்பட்டதாகத் திட்டத்தின் கணக்கு சொன்னது.

இதுபோன்ற திட்டங்கள் உலகம் முழுக்க நடக்கின்றன. கிராமச் சாலைகள் பற்றிய மதிப்பீட்டு அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் எனக்கு, அவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கின்றன. சாலை முடிந்த பிறகு சிலர் ஊருக்குப் போவார்கள், 'வாழ்க்கை மேம்பட்டதா?' என்று கேட்பார்கள், ஊரார் 'ஆமாம்' என்பார்கள், அறிக்கை முடிந்துவிடும். வியட்நாமில் அப்படி நடக்கவில்லை. வேலை தொடங்கும் வேளையிலேயே கணக்கெடுப்பாளர்கள் ஊர்களுக்குப் போனார்கள். சாலை கிடைக்கப்போகும் ஊர்களுக்கு மட்டுமல்ல, கிடைக்காத ஊர்களுக்கும் போனார்கள். அப்புறம் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குத் திரும்பிப் போனார்கள். அதனால்தான் இந்த ஒரு திட்டத்தை விரிவாகப் பார்க்க நினைத்தேன்.

வண்டியை எண்ணிப் பலனை அளப்பது

முதலில், சாலைக்கான பொருளாதாரக் கணக்கை வழக்கமாக எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போம். சாலை மோசமாக இருந்தால் எரிபொருள் கூடும், டயர் தேயும், நேரம் போகும். சாலை சரியானால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு மிச்சம் என்று கணக்கிடலாம். அதை ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, பதினைந்து இருபது ஆண்டுகளுக்குக் கூட்டி, செலவோடு ஒப்பிட்டால் ஒரு வருவாய் விகிதம் வரும். அது 12 விழுக்காட்டைத் தாண்டினால் திட்டத்துக்குப் பச்சைக்கொடி. பல பன்னாட்டு வங்கிகள் நெடுங்காலம் வைத்திருந்த வரம்பு இது. எச்டிஎம்-4 போன்ற கணினி நிரல்கள் இந்தக் கணக்கைத்தான் நுணுக்கமாகப் போடுகின்றன.

நெடுஞ்சாலைக்கு இந்த முறை சரி. ஆனால் 1990களின் வியட்நாம் கிராமத்தில் யாரிடம் வண்டி இருந்தது? ஆட்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். வசதி வந்தவர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது வண்டிகூடப் போகாத சாலையில் வண்டிச் செலவின் மிச்சத்தை மட்டும் எண்ணினால் வருவது சொற்பம். நெல் மூட்டையைச் சைக்கிளில் கட்டி, இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற பெண் மிச்சப்படுத்தும் இரண்டு மணி நேரம் அந்தப் பெருக்கலுக்குள் வருவதேயில்லை. சாலை மோசம் என்பதால்தான் அங்கே வண்டி இல்லை. வண்டி இல்லை என்பதால் சாலைக்குப் பலன் இல்லை என்று கணக்கு சொல்கிறது. இந்தச் சுழலில் சிக்கி எத்தனையோ ஊர்கள் பட்டியலிலிருந்து விழுந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய இன்னொரு முறையும் உண்டு. வண்டியை விட்டுவிட்டு வயலைப் பார்ப்பது: உரம் எவ்வளவு மலிவாகும், விளைபொருளுக்கு வயலடியில் என்ன விலை கிடைக்கும், உற்பத்தி எவ்வளவு கூடும் என்று அளப்பது. யோசனை நல்லதுதான். ஆனால் உற்பத்தி கூடும் என்பதைச் சாலை போடும் முன்பே அனுமானித்தாக வேண்டும், அந்த அனுமானம் எழுதுகிறவரின் விருப்பத்துக்கு வளைந்து கொடுக்கும்.

உலக வங்கியின் ஆய்வாளர் டொமினிக் வான் டெ வாலெ, வியட்நாமை மனதில் வைத்தே 2002இல் இது பற்றி எழுதினார். ஏழைகளுக்குச் சாலையால் கிடைக்கும் பலனில் முக்கியமான பங்கைப் பணத்தால் அளக்க முடியாது, ஆகவே எந்தச் சாலையை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது திறனையும் சமத்துவத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பது அவர் வாதம். இந்தத் திட்டத்தின் மதிப்பீட்டிலும் அவருக்கு முக்கிய இடம் உண்டு.

வளர்ந்துகொண்டிருந்த நாடு

வியட்நாமில் பலனை அளப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. நாடே வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1986இல் 'தொய் மொய்' என்ற சீர்திருத்தம் தொடங்கியது. கூட்டுப்பண்ணைகள் கலைந்து, நிலத்தின் பயன்பாட்டு உரிமை குடும்பங்களின் கைக்கு வந்தது. 1993இல் 58 விழுக்காடாக இருந்த வறுமை 1998இல் 37 ஆகவும் 2002இல் 29 ஆகவும் இறங்கியது. இந்த ஆண்டுகளில் எந்த ஊரில் எதைச் செய்திருந்தாலும், 'முன்பு–பின்பு' என்று ஒப்பிட்டால் வெற்றியாகத்தான் தெரியும். ஒரு சாலையும் போடாமலே வருமானம் கூடியிருக்கும்.

சரி, சாலை போட்ட ஊரைப் போடாத ஊரோடு ஒப்பிடலாமே என்றால், அதிலும் பொறி இருக்கிறது. சாலை கிடைக்கும் ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவில்லை. எத்தனை பேருக்குப் பயன்படும், எவ்வளவு செலவாகும் என்று பார்த்து மாகாண அதிகாரிகள் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் நெருக்கம் குறைந்த, சிறுபான்மை இனத்தவர் வாழும் மலைப்பகுதிகளுக்கென்று நிதியில் ஒரு பங்கை ஒதுக்கவும் விதி இருந்தது. ஆக, சாலை கிடைத்த ஊரும் கிடைக்காத ஊரும் தொடக்கத்திலேயே வேறு வேறு மாதிரி.

இதற்காக ஆய்வாளர்கள் வைத்திருந்த வழி இரட்டை வித்தியாசம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சாலை கிடைத்த 100 கம்யூன்களில் முன்பு 40இல் சந்தை இருந்தது, பின்பு 60இல் இருக்கிறது. கிடைக்காத 100இல் முன்பு 45, பின்பு 55. முன்பு–பின்பு மட்டும் பார்ப்பவர் பலன் 20 என்பார். கடைசியில் மட்டும் போய்ப் பார்ப்பவர் 60க்கும் 55க்கும் இடையிலான 5 என்பார். இரண்டு பக்கமும் இரண்டு காலமும் தெரிந்தவர், சாலை இல்லாத ஊரிலும் 10 கூடியிருக்கிறது, ஆகவே சாலைக்கு உரியது 20இல் மீதி 10 என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் மூன்று விடைகள். இதற்கும் மேலே, தொடக்க நிலையில் ஒன்றுக்கொன்று ஒத்த ஊர்களைத் தேடிப் பொருத்தி, அந்த இணைகளை ஒப்பிட்டார்கள்.

கணக்கெடுப்புக்கு ஆறு மாகாணங்கள். சீன எல்லையோர மலைகளில் லாவ் காய், தேயிலை விளையும் தாய் ங்குயென், வட மத்தியக் கடலோரத்தில் ங்கே ஆன், வறண்ட தென்கரையில் பின் துவான், நடுமேட்டு நிலத்தில் கொன் தும், மீகாங் கழிமுகத்தில் த்ரா வின். கழிமுகத்தில் கால்வாயும் படகும்தான் பழைய சாலை, மலையில் ஒரு மழைக்கே பாதை கரைந்து போகும். இவ்வளவு வேறுபட்ட இடங்களைத் தேர்ந்தெடுத்தது பின்னால் மிகவும் உதவியது. திட்டம் நடந்த 100 கம்யூன்கள், நடக்காத 100, மொத்தம் 3,000 குடும்பங்கள். 1997, 1999, 2001, 2003 என நான்கு சுற்றுகள். திட்டம் முடிந்து இரண்டாண்டு கழித்தும் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான மதிப்பீடுகளில் அதற்கான பணம் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும்.

முதலில் ஒரு கேள்வி: சாலையைச் சரிசெய்தார்களா?

இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். பலனை அளக்கும் முன், வேலை நடந்ததா என்று அளந்தார்கள். வான் டெ வாலெயும் பொருளியலாளர் ரென் மூவும் 2007இல் வெளியிட்ட கட்டுரையின் கேள்வி இது: திட்டப் பணம் வந்த கம்யூன்களில், வராத கம்யூன்களைவிட எத்தனை கிலோமீட்டர் கூடுதலாகச் செப்பனிடப்பட்டது?

விடை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பணம் எவ்வளவு கிலோமீட்டருக்கு வந்ததோ அவ்வளவு செப்பனிடும் வேலை கூடுதலாக நடக்கவில்லை. ஆனால் பணம் காணாமல் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. திட்டம் நடந்த கம்யூன்களில் புதிய சாலைகள் அதிகமாகப் போடப்பட்டிருந்தன. உள்ளூர் நிர்வாகம் எப்படியும் செப்பனிடச் சொந்தப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கியிருக்கும். அந்த வேலைக்கு வெளியிலிருந்து பணம் வந்ததும், தன் பணத்தை வேறு சாலைக்குத் திருப்பிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். நம் வீடுகளில் நடப்பதுதான். பிள்ளையின் படிப்புக்கென்று மாமா பணம் அனுப்பினால், படிப்புக்கு எடுத்துவைத்த பணத்தில் கூரையை மாற்றுவோம். இங்கே நல்ல செய்தி, பெரும்பகுதி சாலைத் துறைக்குள்ளேயே தங்கியது என்பது. பொருளியலாளர்கள் இதை ஈ ஒட்டும் தாளோடு ஒப்பிடுவார்கள்: பணம் எங்கே வந்து விழுந்ததோ அங்கேயே ஒட்டிக்கொண்டது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? வருவாய் விகிதம் என்பது பலனைச் செலவோடு ஒப்பிட்டு வருவது. அந்தச் செலவால் எது நடந்தது என்பதே தெரியாவிட்டால், ஒப்பிட்டு வரும் எண்ணுக்கு என்ன பொருள்? செப்பனிட்ட சாலையின் பலன் என்று நாம் எழுதுவது, உண்மையில் கொஞ்சம் செப்பனிட்டதும் கொஞ்சம் புதிதாகப் போட்டதும் சேர்ந்த கலவையின் பலன். கோப்பில் 5,000 கிலோமீட்டர் என்று இருக்கும், அது உண்மையும்கூட. ஆனால் திட்டம் இல்லாவிட்டாலும் அதில் ஒரு பகுதி நடந்திருக்கும்.

சந்தை வந்தது, தையற்கடை வந்தது

கம்யூன் அளவில் என்ன மாறியது என்பதை ரென் மூவும் வான் டெ வாலெயும் 2011இல் வெளியிட்டார்கள். சந்தைகள்தான் முதலில் கண்ணில் பட்டன. திட்டம் நடந்த கம்யூன்களில் சந்தை உருவாவதும், இருந்த சந்தை அடிக்கடி கூடுவதும் அதிகரித்தது. விவசாயத்தை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களில் சில சேவைத் தொழில்களுக்கு மாறின. தையல், முடிதிருத்தம் போன்ற தொழில்கள் கம்யூனுக்குள்ளேயே கிடைக்கத் தொடங்கின. தொடக்கப் பள்ளியை முடிக்கும் பிள்ளைகளின் பங்கும் கூடியது.

தையற்கடையைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று நினைக்க வேண்டாம். ஒரு கம்யூனில் தையற்காரர் பிழைக்க வேண்டுமென்றால் அங்கே காசு புழங்க வேண்டும். வெளியிலிருந்து துணி வர வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்துபோக வேண்டும். வாரம் ஒருநாள் கூடிய சந்தை மூன்று நாள் கூடினால், காய்கறி விற்கும் பெண் நாலு நாள் காத்திருந்து வாடவிட வேண்டியதில்லை. அடுத்த முறை கூடுதலாகப் பயிரிடும் துணிச்சல் அவருக்கு வரும். வண்டிச் செலவின் மிச்சத்தை எண்ணும் முறைக்கு இவையெல்லாம் தெரியாது. அங்கே மிச்சம் ஆகும் செலவைவிட, முன்பு நடக்காத பரிமாற்றம் இப்போது நடக்கிறது என்பதே பெரிய பலன்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பலனும் ஒரே நேரத்தில் வரவில்லை. சில மாற்றங்கள் உடனே தெரிந்தன, சில 2003 சுற்றில்தான் வெளிப்பட்டன. 2001இலேயே கணக்கெடுப்பை முடித்திருந்தால் ஆய்வின் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும். மறுபக்கம், ஒப்பீட்டு ஊர்களும் சும்மா இருக்கவில்லை. அவற்றுக்கும் வேறு வழியில் சாலைகள் வந்தன. பக்கத்துக் கம்யூனின் சாலையை அவர்களும் பயன்படுத்தியிருப்பார்கள். அப்படியிருந்தால் இரட்டை வித்தியாசம் பலனைக் குறைத்தே காட்டும்.

ஏழை ஊர்களின் கதை

சராசரி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஆய்வின் உண்மையான செல்வம், ஊருக்கு ஊர் பலன் எவ்வளவு மாறியது என்பதைப் பிரித்துப் பார்த்ததில் இருக்கிறது. பொதுவாக ஏழைக் கம்யூன்களில் பலன் அதிகம். காரணம், அங்கே சந்தை வளர்ச்சி தொடக்கத்திலேயே மிகக் குறைவு. ஏற்கெனவே தினச்சந்தையும் பத்துக் கடையும் உள்ள ஊரில் சாலையைச் சீராக்கினால் பதினொன்றாவது கடை வரும். ஒன்றுமே இல்லாத இடத்தில் முதல் கடை வரும்.

இதை வண்டிக் கணக்கோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்த ஊரில் வண்டி குறைவோ அந்த ஊரை அந்த முறை கடைசியில் தள்ளும். எந்த ஊரில் சந்தை குறைவோ அந்த ஊரில்தான் பலன் அதிகம் என்று களம் சொல்கிறது. பெரும்பாலும் இரண்டும் ஒரே ஊர்தான். எங்கே சாலை அதிகம் செய்யுமோ அங்கேதான் கணக்கு அதைக் குறைவாகக் காட்டுகிறது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்று சொல்வதில் தயக்கமில்லை. வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்ட ஊர்களில் இருப்பவர்கள், கால் நோகச் சந்தைக்கு நடப்பவர்கள்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. அதே ஏழை ஊர்களுக்கு, பலனைக் குறைக்கும் வேறு இயல்புகளும் கூடவே இருந்தன. வறுமை தனியாக வருவதில்லை. எழுத்தறிவு, மொழி, நிலத்தின் அமைப்பு, கடன் கிடைக்கும் வழி என்று பலவற்றோடு பின்னிக்கொண்டுதான் வருகிறது. சாலை வந்தாலும் விற்க உபரி இல்லாதவர் சந்தைக்கு எதைக் கொண்டுபோவார்? சந்தையின் மொழி தன் மொழியாக இல்லாதவர் எப்படிப் பேரம் பேசுவார்? ஏழை ஊர் என்பதாலேயே பலன் தானாகக் குவிந்துவிடும் என்றும் இந்த ஆய்வு சொல்லவில்லை.

ஒற்றை எண் ஏன் வரவில்லை

இதையெல்லாம் கூட்டி 'வருவாய் விகிதம் இத்தனை விழுக்காடு' என்று ஒரு வரியில் சொல்லக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். கூட்டும்போது செய்யும் பெரிய தவறு இரட்டை எண்ணிக்கை. போக்குவரத்துச் செலவு குறைகிறது. அதனால் வயலடி விலை ஏறுகிறது. அதனால் நிலத்தின் மதிப்பு கூடுகிறது. மூன்றும் ஒரே பலனின் மூன்று முகங்கள். மூன்றையும் கூட்டினால் கணக்கு மூன்று மடங்கு அழகாக இருக்கும், அவ்வளவும் பொய். நிலத்தின் மதிப்பைக் கணக்கில் எடுத்தால் இன்னொரு கேள்வியும் எழும்: நிலமே இல்லாதவருக்கு என்ன கிடைத்தது?

இந்தியாவின் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் பெரும்பாலும் புதிய இணைப்பு பற்றியது. அதனால் நேர் ஒப்பீடு செய்யக் கூடாது. ஆனாலும் அதில் அளப்பதற்கு ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. மக்கள்தொகை 1,000ஐயும் பிறகு 500ஐயும் தாண்டிய குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்பது விதி. ஆகவே 490 பேர் உள்ள ஊரையும் 510 பேர் உள்ள ஊரையும் ஒப்பிடலாம். இருபது பேர் வித்தியாசத்தில் ஊரின் இயல்பு மாறிவிடாது. பொருளியலாளர்கள் சாம் ஆஷரும் பால் நோவோசாடும் இந்த வழியில் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. சாலை வந்த நாலு ஆண்டுகளில் பலர் விவசாயத்தை விட்டு வேறு கூலி வேலைக்குப் போனார்கள். ஆனால் விளைச்சலிலோ வருமானத்திலோ வீட்டுச் சொத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. வியட்நாமில் ஊருக்குள் சந்தை வளர்ந்தது, இங்கே சாலை ஆட்களை ஊருக்கு வெளியே வேலைக்கு அழைத்துப்போனது. நிலச்சீர்திருத்தமும் விவசாயச் சந்தைத் திறப்பும் முன்பே நடந்திருந்த நாட்டில் சாலை செய்யும் வேலை வேறு, அவை இல்லாத இடத்தில் செய்யும் வேலை வேறு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பராமரிப்பு

கடைசியாக, எந்த வருவாய்க் கணக்கிலும் ஒரு வரியில் ஒளிந்திருக்கும் அனுமானம்: 'சாலை 15 ஆண்டு இருக்கும்.' செப்பனிடும் திட்டம் என்ற ஒன்று தேவைப்படுவதே, முன்பு போட்ட சாலை அப்படி இருக்கவில்லை என்பதால்தான்.

ஒரு எளிய கணக்கு. செப்பனிடச் செலவு 100, ஆண்டுப் பலன் 18, பராமரிப்புக்கு ஆண்டுக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். 12 விழுக்காடு தள்ளுபடி விகிதத்தில் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம் இது) 15 ஆண்டுகளுக்கான நிகரப் பலனின் இன்றைய மதிப்பு சுமார் 109. செலவு 100, திட்டம் தேறுகிறது. இப்போது அந்த 2ஐ மிச்சம் பிடிக்கிறோம். வடிகால் அடைபடுகிறது, மழைநீர் சாலைமேல் ஓடுகிறது, ஆறாம் ஆண்டோடு வண்டி போக முடியாத நிலை. ஆறு ஆண்டுப் பலனின் இன்றைய மதிப்பு 74. அதே சாலை, அதே ஊர், அதே மக்கள். 100 போட்டு 26ஐ இழந்தோம். 1994இல் வந்த உலக வங்கியின் உலக வளர்ச்சி அறிக்கை ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: 1,200 கோடி டாலரை உரிய நேரத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால் 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவு மிஞ்சியிருக்கும்.

இந்தியத் திட்டத்தில் சாலையைப் போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும் என்ற விதியைத் தொடக்கத்திலேயே வைத்தார்கள். நல்ல விதி. ஆறாவது ஆண்டிலிருந்து அந்தப் பொறுப்பு மாநிலத்தின் கைக்கு வருகிறது. 2019இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில் 1,25,000 கிலோமீட்டர் பழைய சாலைகளை மேம்படுத்த எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாலைகளின் ஓரத்திலும், மேம்படுத்தப்படாத பக்கத்துச் சாலைகளின் ஓரத்திலும் இருக்கும் வீடுகளுக்கு இப்போதே யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்வர வேண்டும், ஆறாவது ஆண்டு மழைக்குப் பிறகு மறுபடியும் போக வேண்டும்.